இந்தியாவோட கேன்சர் சர்ஜரி ஆராய்ச்சிய வெளிநாட்டுல எவ்ளோ கவனிக்கறாங்கன்னு எப்படி அளக்கறது?

கேள்வி:
தீசிஸுக்காக ஸ்கோப்பஸ்ங்கற ஆராய்ச்சிப் பேப்பர் டேட்டாபேஸ்ல இந்தியப் பேப்பர்கள எடுத்துட்டு இருக்கேன், எண்ணிக்கை நிறையவே வருது, ஆனா அத மட்டும் வெச்சு உலகம் நம்மள படிக்குதுன்னு சொல்லிட முடியுமா? வேற எதப் பாக்கணும்?

பதில் 1:
எண்ணிக்கை பத்தாதுங்க. யார் சைட் பண்றாங்க, அதாவது மேற்கோள் காட்டறாங்கன்னு பாருங்க, நம்ம நாட்டு சைட்டேஷன கழிச்சு மிச்சம் எவ்ளோன்னு பாத்தாதான் நிலவரம் புரியும். ஃபீல்டு வெயிட்டட் சைட்டேஷன் (அதே துறைல அதே வருஷம் வந்த பேப்பர்களோட ஒப்பிட்ட அளவு) 1க்கு மேல போனா உலக சராசரிய விட அதிகம்னு அர்த்தம்.

பதில் 2:
பல நாடு சேர்ந்த ட்ரயல்ல (நோயாளிகள வெச்சு சிகிச்சைய சோதிக்கற ஆய்வு) ஆத்தர் லிஸ்ட் நடுவுல ஒரு இந்தியர் பேர் இருந்தாலே கணக்குல ஏறிடும். முதல் ஆத்தரோ கரஸ்பாண்டிங் ஆத்தரோ (பேப்பர் பத்தின கேள்விக்கு பதில் சொல்றவர்) இந்தியரா இருக்கற பேப்பர்கள தனியா பிரிச்சுடுங்க.

பதில் 3:
என்னக் கேட்டா டாக்டர்களுக்கான சிகிச்சை கைட்லைன்ல இடம் பிடிக்கறதுதான் பெரிய அளவுகோல். மும்பை டாடா மெமோரியல் 2015ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல போட்ட வாய்ப் புற்றுநோய் ட்ரயல் இருக்கே, ஆரம்பக் கட்டத்துலயே கழுத்து நெறிக்கட்டியையும் சேத்து எடுத்தவங்கள்ல 3 வருஷத்துல 80 சதவீதம் பேர் உயிரோட இருந்தாங்க, அங்க நோய் திரும்புன பிறகு எடுத்தவங்கள்ல 67.5தான், அமெரிக்க கேன்சர் சென்டர்களோட கூட்டமைப்பான என்சிசிஎன் கைட்லைனே அத மேற்கோள் காட்டுது. இந்த மாதிரி பேப்பர்கள தனி டேபிளா போடுங்க ப்ளீஸ், சராசரில கலந்தா காணாமப் போயிடும்.