பார்மசி டெக்னீசியன்களின் தொடர்கல்வி: மணிக்கணக்கா, கைக்கணக்கா?

வெண்மேசை:
அமெரிக்காவில் பி.டி.சி.பி. (பார்மசி டெக்னீசியன்களுக்கு, அதாவது மருந்தாளுநரின் உதவியாளர்களுக்கு, சான்று தரும் வாரியம்) சான்றிதழைப் புதுப்பிக்க, இரண்டு ஆண்டுக்கு 20 மணி நேரத் தொடர்கல்வி காட்ட வேண்டும். அதில் 1 மணி சட்டம், 1 மணி நோயாளி பாதுகாப்பு. பெரும்பாலும் என்ன நடக்கிறது? காணொளி ஓடும், கடைசியில் பத்துக் கேள்வி, சான்று கைக்கு வந்துவிடும்.

இதற்கிடையே வேலையே மாறிவிட்டது. டெக்னீசியன் தடுப்பூசி போடலாம் என்று இடாஹோ மாநிலம் 2017இல் வழிவிட்டது. 2020 அக்டோபரில் கூட்டாட்சி அரசு அதைக் கோவிட் காலத்துக்காக நாடு முழுக்க அனுமதித்தது. அந்த அனுமதியிலேயே ஊசியைக் கையால் போட்டுப் பழகும் பயிற்சி கட்டாயம் என்று நிபந்தனை இருந்தது. மருந்து வரலாறு (நோயாளி என்னென்ன மருந்து, எப்படி எடுக்கிறார்) கேட்பதும், சக டெக்னீசியன் நிரப்பிய மருந்தைச் சரிபார்ப்பதும் இப்போது பல இடங்களில் டெக்னீசியன் வேலை. 20 மணியில் 8 மணியாவது, ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துக் கையெழுத்துப் போடும் செய்முறையாக மாற வேண்டும் என்பது என் வாதம்.

லேபிள்வாசகன்:
ஏற்க மாட்டேன். கை பழகியது பழையதைத்தான் செய்யும். மாறுவது லேபிளில் உள்ள எழுத்து.

ஃபைசர் கோவிட் தடுப்பூசியையே எடுங்கள். முதலில் வந்த ஊதா மூடிக் குப்பியில் 1.8 மி.லி. உப்புநீர் (0.9% சோடியம் குளோரைடு) கலந்து, 0.3 மி.லி. வீதம் எடுக்க வேண்டியிருந்தது. பிறகு வந்த சாம்பல் மூடியில் எதையும் கலக்கவே கூடாது என்றார்கள். சிறுவர்களுக்கான ஆரஞ்சு மூடியில் 1.3 மி.லி. கலந்து 0.2 மி.லி. எடுக்க வேண்டியிருந்தது. ஊதா மூடியில் நூறு தடவை கைதேர்ந்தவர்தான் சாம்பல் மூடியில் யோசிக்காமல் உப்புநீரை ஏற்றுவார். புதிதாக வந்தவர் பயந்துகொண்டு லேபிளைப் படிப்பார். ஆறு மாதம் முன்பு வாங்கிய செய்முறைக் கையெழுத்து இங்கே தப்பான தைரியத்தைத்தான் கொடுக்கும்.

வெண்மேசை:
நல்ல உதாரணம். அதே ஊதா மூடியில் படிப்பு எங்கே நின்றுவிடுகிறது என்றும் பார்ப்போம். உறைநீக்கியதும் குப்பியில் 0.45 மி.லி. இருக்கும். 1.8 சேர்த்தால் 2.25. ஆறு டோஸ் என்றால் 1.8 போதும், கணக்குப்படி தாராளம். ஆனால் சாதாரண சிரிஞ்சில் ஒவ்வொரு முறையும் ஊசிக் கழுத்தில் கொஞ்சம் மருந்து தங்கிவிடுவதால் ஆறாவது டோஸ் பல நேரம் கிடைக்காது. அதனால்தான் மருந்து அதிகம் தங்காத வகை சிரிஞ்ச் கேட்டார்கள்.

இன்னொன்று. 1.8 மி.லி. உப்புநீரை உள்ளே தள்ளியதும், ஊசியை உருவுவதற்கு முன்னால் அதே சிரிஞ்சில் 1.8 மி.லி. காற்றை வெளியே இழுக்க வேண்டும். இழுக்காவிட்டால் உள்ளழுத்தத்தில் ரப்பர் துளை வழியே மருந்து பீச்சும். பிறகு குப்பியைப் பத்து முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், குலுக்கக் கூடாது. இத்தனையும் மருந்தோடு வரும் துண்டுத்தாளில் இருக்கிறது, யாரும் மறுக்கவில்லை. ஆனால் காற்றை இழுக்கும்போது ஊசிமுனை திரவத்துக்கு மேலே இருக்கிறதா என்று பார்ப்பது கண்ணும் கையும் சேர்ந்து செய்கிற வேலை.

தோள் ஊசியும் அப்படித்தான். தோள் உச்சியில் உள்ள அக்ரோமியன் எலும்பின் விளிம்புக்கு இரண்டு மூன்று விரல் கீழே, தோலுக்குச் செங்குத்தாக, பெரும்பாலான பெரியவர்களுக்கு 25 மி.மீ. ஊசி. போடுகிறவர் நின்றுகொண்டு, போட்டுக்கொள்பவர் உட்கார்ந்திருந்தால் கை தானாக மேலே ஏறிவிடும். மருந்து மூட்டுப் பைக்குள் போய்ப் பல மாதம் கை தூக்க முடியாத வலி வரும். எலும்பு விளிம்பை விரலால் தடவிக் கண்டுபிடிக்கிற விஷயம் எந்தக் காணொளியிலும் விரலுக்குப் போய்ச் சேராது.

பட்டைக்கோடு:
ரெண்டு பேரும் ஊசியிலேயே நிக்கிறீங்க. புதுசா வந்த ஆபத்து பார்கோடிலும் இயந்திரத்திலும் இருக்கு. மூணு குப்பி வேணும்னா ஒரே குப்பியை மூணு தடவை ஸ்கேன் பண்றது. குப்பியை விட்டுட்டு அட்டைப்பெட்டியை ஸ்கேன் பண்றது. மாத்திரை நிரப்பும் இயந்திரத்தில் ஒரு அறையில் தப்பான மருந்தைக் கொட்டிட்டா, அதுக்கப்புறம் இயந்திரம் அந்தத் தப்பை ரொம்ப துல்லியமா, ஒவ்வொரு நோயாளிக்கும் செய்யும்.

வெண்மேசை சார், இதை உங்க செய்முறைத் தேர்வு பிடிக்குமா? பக்கத்துல ஒருத்தர் நின்னு பார்த்தா எல்லாரும் மூணு குப்பியையும் தனித்தனியாத்தான் ஸ்கேன் பண்ணுவாங்க. பார்க்காதப்போ செய்யறதுதான் பிரச்சினை.

இரவுப்பணி:
அதோடு, பார்க்க ஆள் யார்? ஒரு மருந்தாளுநர், ஒரு டெக்னீசியன் மட்டும் இருக்கிற கடையில் 8 மணி நேரம் எங்கிருந்து வரும்? கையெழுத்தை மட்டும் முன்கூட்டியே போட்டு வைப்பார்கள்.

லேபிள்வாசகன்:
அதே பயம்தான் எனக்கும். பிரிட்டனில் மணிக்கணக்கே கிடையாது. ஆண்டுக்கு ஆறு பதிவு: கற்றல் பதிவு நான்கு, சக பணியாளர் ஒருவரோடு உரையாடல் ஒன்று, சுயபரிசீலனைக் குறிப்பு ஒன்று. கற்றதால் நோயாளிக்கு என்ன பலன் என்று உதாரணத்தோடு எழுத வேண்டும். 2024 ஜூன் முதல் இங்கிலாந்தில் டெக்னீசியன்கள் எழுத்து நெறிமுறையின் கீழ்த் தாங்களே மருந்து வழங்கலாம். அங்கே யாருக்குக் கொடுக்கக் கூடாது என்ற பட்டியலைப் படித்துப் புரிந்துகொள்வதுதான் முக்கியத் திறமை.

வெண்மேசை:
எழுதத் தெரிந்தவர் தப்பித்துவிடுவார், அவ்வளவுதான்.

மருந்து வரலாறு கேட்பதைப் பாருங்கள். "மெதோட்ரெக்சேட் எடுக்கிறீர்களா?" "ஆமாம்." பதிவாகிவிட்டது. கேட்டிருக்க வேண்டியது: எந்தக் கிழமை? ஒரு தடவைக்கு எத்தனை மாத்திரை? ஒன்று 2.5 மி.கி.யா, 10 மி.கி.யா? மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை எடுக்கிற மருந்தைத் தினமும் என்று பதிந்தால் எலும்பு மஜ்ஜையே முடங்கிப்போகலாம். இன்சுலினில் "எத்தனை யூனிட்" என்பதோடு நிறுத்தவே கூடாது. மி.லி.க்கு 500 யூனிட் உள்ள குப்பியிலிருந்து மி.லி.க்கு 100 யூனிட் என்று கோடிட்ட சிரிஞ்சில் எடுக்கிறவர் "20" என்று சொன்னால், உடம்புக்குள் போவது 100. குப்பியையும் சிரிஞ்சையும் காட்டச் சொல்ல வேண்டும். சொட்டு மருந்து, தோலில் ஒட்டும் பட்டை, இன்ஹேலர், ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி இதெல்லாம் "மாத்திரை" என்று கேட்டால் வாயில் வராது. சொன்னதை மருந்துச்சீட்டோ கடைப் பதிவோ இன்னொரு இடத்தில் ஒத்துப் பார்க்காமல் முடிக்கவும் கூடாது.

பார்க்க ஆள் யார் என்ற கேள்விக்கு: ஊசிமருந்து போன்றவற்றைக் கிருமி படாமல் கலக்கும் நுண்ணுயிரற்ற கலவைக் கூடத்தில் இது ஏற்கெனவே நடக்கிறது. 2023 நவம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள அமெரிக்க மருந்துத் தரநூலின் 797ஆம் அத்தியாயப்படி, கலவை செய்பவர் வழக்கமான வகைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருந்துக்குப் பதில் கிருமி வளர்ப்புத் திரவத்தை வைத்து முழு வேலையையும் செய்து காட்ட வேண்டும். அதை இரண்டு வெப்பநிலையில், தலா ஏழு நாளாவது வைத்துப் பார்ப்பார்கள். கலங்கினால் தோல்வி. கையுறை விரல்நுனியையும் ஊட்டத்தட்டில் ஒற்றி எடுப்பார்கள். அங்கே கையெழுத்துப் போடுவது மேற்பார்வையாளர் அல்ல, கிருமி. முன்கூட்டியே போட்டு வைக்க முடியாது.

பட்டைக்கோடு:
அப்படின்னா சரிபார்ப்புக்கும் அதே மாதிரி வைங்க. மருந்து நிரப்பின தட்டுகளுக்குள்ள வேணும்னே தப்பு நுழைக்கணும்: பேர் அதே, வலிமை வேறயா ஒண்ணு, காலாவதியானது ஒண்ணு, எண்ணிக்கை குறைஞ்சது ஒண்ணு. எந்த நாள்னு சொல்லக் கூடாது. பிடிச்சது எத்தனை, விட்டது எத்தனைனு எண்ணினா போதும், யாரும் பக்கத்துல நிக்க வேண்டாம். ஒரு நிபந்தனை: நுழைச்ச தட்டு நோயாளி கைக்குப் போறதுக்கு முன்னாடி திரும்ப எடுக்க ஆள் இருக்கணும். அதை மறந்தா தேர்வே விபத்தாயிடும்.

லேபிள்வாசகன்:
இது எனக்குச் சம்மதம். மருந்து வரலாறுக்கும் ஒரு போலி நோயாளி போதும்: பன்னிரண்டு மருந்து, அதில் மூன்று கேட்டால் மட்டும் சொல்வார். இருபது நிமிடத்தில் முடியும். 8 மணி தேவையில்லை, 2 மணி போதும். மிச்சத்தைப் படிப்பதற்கு விடுங்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோக்ரெல் மருந்துக்கு மரபணுச் சோதனை முடிவு வந்திருந்தால் அதை எந்தப் பெட்டியில் பதிய வேண்டும் என்பதைக் காணொளியே சொல்லித் தரும்.

வெண்மேசை:
2 மணியில் ஊசி அடங்காது. 4 என்றால் பேசலாம்.

இரவுப்பணி:
மணியை அப்புறம் பேரம் பேசுங்கள். தோற்றவரை என்ன செய்வதாக உத்தேசம்? கலவைக் கூடத்தில் தோற்றால் மறுபடி தேறும்வரை கலவை வேலை மட்டும்தான் நிற்கும். இங்கே சான்றிதழே போகும் என்றால், நுழைத்த தப்பு எந்தத் தட்டில் இருக்கிறது என்று காலையிலேயே எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.