ஹட்டன் யார்டுக்குப் பழைய ரீச் ஸ்டேக்கர் சரிவருமா?

கேள்வி: களஞ்சியக்காரன்
ஹட்டன்ல உரமும் தேயிலையும் வைக்கிற களஞ்சியம். 20 அடி கன்டெய்னர்கள், நிறையோட 22 தொன் வரைக்கும் வரும். லொறியில இருந்து இறக்கி ரெண்டு அடுக்கு வைக்கணும். 45 தொன் தூக்குற ரீச் ஸ்டேக்கர் (நீட்டுற கையால கன்டெய்னரைத் தூக்கி அடுக்குற வண்டி) ஒண்ணு பழையது விலைக்கு இருக்கு. யார்டு தார் போட்டது, 100 அடிக்கு 7 அடி சரிவு. வாங்கலாமா? வாங்கினா எதை எதைப் பார்க்கணும்?

பதில்: யார்டு ஃபோர்மன்
அண்ணே, மெஷினுக்கு முன்னாடி நிலத்தைப் பாருங்க. வெறும் வண்டியே 70 தொன் கிட்ட. 45 தொன் தூக்கினா முன் அச்சுல மட்டும் 100 தொன் அளவுக்கு இறங்கும். முன்னால நாலு டயர், ஒவ்வொண்ணுக்கும் 25 தொன். காத்தழுத்தம் 10 பார்னா ஒரு டயர் தரையைத் தொடுறது அரை மீற்றருக்கு அரை மீற்றர் இடம்தான். உங்க 22 தொன்னுக்கே முன் அச்சு 60 தொன்னைத் தாண்டும். சாதாரணத் தார் தாங்காது. நின்ன இடத்துல டயரைத் திருப்புற இடத்துல முதல்ல உரிஞ்சு வரும், பிறகு மழைத்தண்ணி உள்ள இறங்கி அடிமண் சேறாகும். கொங்கிரீட் தளம், அடியில இறுக்கின கல் படுக்கை, வடிகான் எல்லாம் வண்டி விலையோட சேர்த்துக் கணக்குப் பாருங்க.

சரிவு அதைவிட மோசம். ரெண்டாவது அடுக்குக்கு ஏத்துறப்போ பெட்டியோட பாரமையம் தரையில இருந்து 4 மீற்றருக்கு மேல. வண்டி சரிவுக்குக் குறுக்கே நின்னா அந்தப் பாரம் ஒரு பக்கமா 30 சென்றிமீற்றர் கிட்டத் தள்ளிப்போகும். பழைய வண்டிகள்ல ஓவர்லோட் கம்ப்யூட்டர் பூம் (தூக்குற கை) நீளம், கோணம், சிலிண்டர் அழுத்தம் இதை வச்சு முன்னுக்குக் கவிழறதைத்தான் கணக்குப் போடும். பக்கச்சரிவு பெரும்பாலும் அதுக்குத் தெரியாது.

பதில்: ஒயில் பாஸ்
சமதளம் வெட்டி வச்சிட்டுத்தான் வாங்குறீங்கன்னா, இதைப் பாருங்க. பூமோட அடியில இருக்குற பின் (இரும்பு ஆணி), லிஃப்ட் சிலிண்டரோட பின்னை மாட்டுற தகடுகள், உள்பூம் வெளியே வர்ற வாய், இந்த வெல்டிங் எல்லாத்துக்கும் காந்தத்தூள் சோதனை (கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காட்டுறது) செய்யுங்க. பெயின்ட் புதுசா இருந்தா சந்தேகப்படுங்க. உள்பூமைத் தாங்குற பேட்கள் தேஞ்சிருந்தா பூம் ஆடும், விரிசலுக்கு அதுவே காரணமாகும்.

ட்விஸ்ட்லொக் (பெட்டியோட மூலை ஓட்டையில நுழைஞ்சு திரும்பிப் பூட்டுற பூட்டு) ரொம்ப முக்கியம். நாலும் மூலையில சரியா உட்கார்ந்தாத்தான் 90 பாகை திரும்பணும், பூட்டின பிறகுதான் தூக்க விடணும். சென்சர் பழுதானா வயரை நேரா இணைச்சு ஓட்டுறவங்க இருக்காங்க. ஒரு மூலையை வேணும்னே உட்காரவிடாமத் தூக்கச் சொல்லுங்க. தூக்கினா அந்த வண்டி வேண்டாம்.

சாமான் நிறைஞ்ச பெட்டியைத் தூக்கி எஞ்சினை நிறுத்தி 10 நிமிஷம் விடுங்க. பூம் இறங்கினா சீல் அல்லது சிலிண்டர் லொக் வால்வு போச்சு. ஹோஸ் வெடிச்சா பூமைப் பிடிச்சு நிறுத்துறது அந்த வால்வுதான். பிரேக் தகடுகள் ஒயில்ல மூழ்கியிருக்கும். அந்த ஒயில் கறுத்துக் கருகின வாசம் வந்தா தகடு தேஞ்சிருக்கு. ஹட்டன் உயரத்துல காத்து மெல்லிசுதான், ஆனா டர்போ எஞ்சினுக்கு அது பெரிய பிரச்சினை இல்ல.

கேள்வி: களஞ்சியக்காரன்
கொங்கிரீட் செலவு கட்டாது போல. வேற வழி?

பதில்: யார்டு ஃபோர்மன்
கன்டெய்னரை லொறியிலேயே விட்டு, தட்டு உயரத்துக்கு மேடை கட்டி சின்ன ஃபோர்க்லிஃப்டால சாமானை மட்டும் இறக்குங்க. மேடைக்கும் லொறி நிற்கிற இடத்துக்கும் சமதளம் போதும். அடுக்கறதுக்கு அவசியமே இருக்காது. பெட்டியே இறங்கித்தான் ஆகணும்னா வாடகைக் கிரேன் எடுங்க. ஆனா மேல் மூலைகள்ல சங்கிலியைச் சரிவாப் போட்டு நிறைப் பெட்டியைத் தூக்க விடாதீங்க, மேல்சட்டம் உள்ள மடங்கும். மேல ஸ்பிரெடர் சட்டம் (சங்கிலிகளை அகட்டிப் பிடிக்கிற இரும்புச் சட்டம்) வச்சு சங்கிலி நேரா இறங்கணும்.