கேம் புரோகிராமிங்: எதைப் படித்தீர்கள், எது உதவியது? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

கொழிஞ்சாம்பாறை:
இன்டர்வியூ கோயம்புத்தூரில். யூனிட்டி என்ற கேம் என்ஜினில், அதாவது கேம் செய்யும் மென்பொருளில், செய்த கேமைத் திறந்து வைத்திருந்தேன். எதிரே இருந்தவர் லேப்டாப்பை மூடச் சொல்லிவிட்டு ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். "எதிரி இந்தப் பக்கம் பார்க்கிறான். பிளேயர் அவனுக்கு முன்னால் இருக்கிறானா, முதுகுப் பக்கமா? என்ஜின் கிடையாது, கணக்குப் போடுங்கள்." டாட் பிராடக்ட்தான், இரண்டு வெக்டர்களை, இங்கே இரண்டு திசைகளை, பெருக்கி ஓர் எண் எடுக்கும் கணக்கு. எதிரி பார்க்கும் திசை ஒன்று, அவனிடமிருந்து பிளேயர் இருக்கும் திசை இன்னொன்று. பிளஸ் வந்தால் முன்னால், மைனஸ் என்றால் பின்னால். பிளஸ் டூ கணக்கு கைகொடுத்தது, வேலையும் கிடைத்தது. ஆனால் நான் கோர்ஸ் படித்த இடத்தில் கடைசிவரை வெக்டர் என்ற பேச்சே எடுக்கவில்லை. எந்த பட்டன் எங்கே இருக்கிறது என்று காட்டவா அவ்வளவு ஃபீஸ்? இன்னும் ஆறவில்லை.

நகரி:
தம்பி, நடுவில் சுவர் இருந்தால்? அப்போதும் பிளஸ்தான் வரும், ஆனால் எதிரிக்கு ஆள் தெரியாது. நேர்கோடு விட்டு நடுவில் ஏதாவது தடுக்கிறதா என்று பார்க்கும் ரேகாஸ்டும் வேண்டும்.
நான் பார்த்தது வேறு. சென்னை ஆபீஸில் ஒரு பையனின் ஷூட்டிங் கேமை சீனியர், எது எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் ப்ரொஃபைலரில் ஓடவிட்டார். வினாடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்கு 16.6 மில்லிசெகண்ட்தான். தரையோடு போய்க்கொண்டிருந்த கிராஃபில் திடீரென்று பனைமரம் மாதிரி ஒரு கோடு. "அது உன் தோட்டா" என்றார். சுடும்போதெல்லாம் புதுத் தோட்டா உருவாக்கி அழித்ததில் மெமரியில் குப்பை சேர்ந்து, அதைக் கூட்டும் கார்பேஜ் கலெக்டர் வந்து ஆட்டத்தையே ஒரு கணம் பிடித்து வைத்துவிட்டது. தோட்டாக்களை முன்கூட்டியே உருவாக்கி வைத்துத் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டதும் சரியானது. அதனால்தான் சொல்கிறேன்: முதலில் சி++ மொழி, அதில் மெமரியை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். மெமரி என்றால் என்னவென்று அப்போதுதான் உறைக்கும்.

கொழிஞ்சாம்பாறை:
அண்ணே, சுவர் அவருடைய அடுத்த கேள்வி. என்னைச் சொல்ல விட்டால்தானே!

செங்கோட்டை:
நகரி அண்ணாச்சி, சி++ என்று சொல்லிச் சின்னப் பையன்களை விரட்டாதீர்கள். அன்ரியல் என்ற இன்னொரு என்ஜினுக்குப் போகிறவனுக்கு அது வேண்டும், யூனிட்டிக்கு சி ஷார்ப் போதும்.
2023 செப்டம்பரில் நானும் கூட்டாளியும் கொல்லம் ரயிலில் போய்க்கொண்டிருந்தோம். கேம் எத்தனை முறை இன்ஸ்டால் ஆகிறது என்று கணக்குப் பார்த்து, செய்தவர்களிடம் கட்டணம் என்று யூனிட்டி அறிவித்ததை அவன் போனில் வாசிக்கிறான், வண்டி ஆரியங்காவுக் குகைக்குள் நுழைகிறது. இருட்டில் அவன் முகம் மட்டும் தெரிந்தது. பாதி முடித்த கேமோடு கோடோ என்ற வேறு என்ஜினுக்கு மாறிவிட்டான். அடுத்த வருஷம் யூனிட்டி அந்தக் கட்டணத்தைக் கைவிட்டது, இவன் திரும்பவில்லை.
யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். என்ஜினைப் பார்த்துக் காலேஜைத் தேர்ந்தெடுக்காதீர்கள். சாதாரண கம்ப்யூட்டர் சயின்ஸ் போதும். வெக்டர் கணக்கு வரும் லீனியர் அல்ஜீப்ராவையும் டேட்டாவை அடுக்கி வைக்கும் முறைகளான டேட்டா ஸ்ட்ரக்சரையும் மட்டும் பரீட்சைக்கென்று படித்துவிட்டு மறக்காதீர்கள். கோடோ இலவசம், சோர்ஸ் கோடும் திறந்தே கிடக்கிறது, பழைய லேப்டாப்பிலும் ஓடும். முதல் கேமே, பெரிய உலகில் இஷ்டப்படி சுற்றும் ஓப்பன் வேர்ல்டு வேண்டாம். பந்தைத் தட்டிச் செங்கல் உடைக்கிற ஆட்டம் ஒன்றை மெனு, சவுண்ட், ஸ்கோர் எல்லாம் வைத்து முழுசாக முடியுங்கள். கோடில் செய்யும் மாற்றங்களைச் சேமித்து வைக்கும் கிட் (Git) கருவியை முதல் நாளே பழகுங்கள். முடிந்ததும் தெருப் பையன்களிடம் போனைக் கொடுத்துவிட்டு, "அங்கே தொடு" என்று சொல்லாமல் பின்னால் நில்லுங்கள். அதுதான் கஷ்டம்.