ஃபுளோரிடா ஹோம் இன்ஸ்பெக்டர் ரினியூவல்: 14 மணி நேரத்துக்கு எதைப் படிக்கலாம்?

தம்பாவாசி:
வணக்கம். வீடுகளைப் பரிசோதித்து ரிப்போர்ட் கொடுக்கும் ஹோம் இன்ஸ்பெக்டர் லைசென்ஸை ஜூலை 31-க்குள் ரினியூ செய்ய வேண்டும். 14 மணி நேரத் தொடர்கல்வி, அதில் குறைந்தது 2 மணி நேரம் புயல் காப்பு பற்றி இருக்க வேண்டும் என்பது தெரியும். ஆன்லைனில் இரண்டு ராத்திரி உட்கார்ந்தால் முடிந்துவிடும் என்கிறார்கள். ஆனால் எனக்கு வருகிற வீடுகளில் பெரும்பாலானவை 1960, 70-களில் கட்டியவை, அதற்கு உதவுகிற மாதிரி ஏதாவது படித்தால் நன்றாயிருக்கும். எதை எடுக்கலாம்?

ஓட்டுக்கூரை:
அந்த 2 மணி நேரத்தைச் சடங்காக நினைக்காதீர்கள், விண்ட் மிட்டிகேஷனில்தான் (வீடு புயல்காற்றைத் தாங்குமா என்று பார்க்கும் சோதனை) வீட்டுக்காரரின் இன்சூரன்ஸ் தள்ளுபடியே இருக்கிறது. கூரைக்கு அடியில் உள்ள அட்டிக்கில் தவழ்ந்து போய் டிரஸ்ஸும் (கூரையைத் தாங்கும் மரச்சட்டம்) சுவரும் சேருகிற இடத்தைப் பார்த்தால் இரும்பு கிளிப் பளபளவென்று இருக்கும், உடனே படிவத்தில் 'கிளிப்' என்று டிக் போடத் தோன்றும். ஆனால் அந்த கிளிப் டிரஸ்ஸில் குறைந்தது மூன்று ஆணியால் பிடித்திருக்க வேண்டும். இரண்டுதான் என்றால் அது வெறும் சாய்வு ஆணி (கிளிப் இல்லாமல் சாய்வாக ஆணி மட்டும் அடித்தது) வகையில் போய்விடும், தள்ளுபடியும் போச்சு. ஆகவே படங்களை வைத்து விளக்குகிற வகுப்பாகப் பார்த்து எடுங்கள்.

மின்கம்பி:
பழைய வீடு என்றால் நான் எலக்ட்ரிக்கலைத்தான் சொல்வேன். 1965-லிருந்து 73 வரை கட்டிய பல வீடுகளில் அலுமினிய வயரிங் இருக்கிறது. 1972-க்கு முன் தயாரான அலுமினிய வயர் உள்ள வீடுகளில், இணைப்புகள் தீப்பிடிக்கும் அளவுக்குச் சூடாகும் வாய்ப்பு செம்பு வயர் உள்ள வீடுகளைவிட 55 மடங்கு என்று அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையமே சொல்லியிருக்கிறது. ஃபெடரல் பசிபிக் கம்பெனியின் ஸ்டாப்-லாக் (Stab-Lok) என்ற பழைய மின் பேனல் இன்னொரு தலைவலி, ஓவர்லோடு ஆனாலும் பிரேக்கர் விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்காமல் போகலாம். 4-பாயிண்ட் ரிப்போர்ட்டில் (கூரை, மின்சாரம், குழாய், ஏசி ஆகிய நான்கையும் பற்றியது) இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் தேடுவதே இந்த இரண்டையும்தான். பேனல் மூடியைக் கழற்றிக் காட்டுகிற நேரடி வகுப்பு கிடைத்தால் கொஞ்சம் தூரமானாலும் போய் வாருங்கள், திரையில் பார்த்து இது கைக்கு வராது.

ஜாக்சன்வில் அண்ணாச்சி:
மின்கம்பி சொல்வது சரிதான், அதற்காக ஆன்லைனை ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம். ஏசி விஷயத்தையே எடுங்கள்: 2025 ஜனவரி முதல் புதிதாகத் தயாராகும் வீட்டு ஏசிகளில் ஆர்-410ஏ என்ற பழைய குளிரூட்டும் வாயு கிடையாது, ஆர்-32, ஆர்-454பி என்று லேசாகத் தீப்பற்றக்கூடிய வாயுக்கள் வந்துவிட்டன. லேபிளில் எதைப் பார்ப்பது, கசிவு சென்சார் எங்கே இருக்கும் என்பதையெல்லாம் வீட்டிலிருந்தே தாராளமாகப் படிக்கலாம். இன்டர்நாச்சி என்ற ஹோம் இன்ஸ்பெக்டர் சங்கத்தில் உறுப்பினர் என்றால் அவர்களுக்கே வருடம் 24 மணி நேரம் தொடர்கல்வி காட்ட வேண்டும், வகுப்பும் உறுப்பினர்களுக்கு இலவசம். ஆனால் மாநில லைசென்ஸுக்கு எல்லா வகுப்பும் செல்லாது, ஃபுளோரிடா அங்கீகாரம் இருக்கிறதா என்று பணம் கட்டுவதற்கு முன்பே பாருங்கள்.

தம்பாவாசி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. புயல் காப்பையும் ஏசியையும் ஆன்லைனில் முடித்துவிட்டு, மிச்ச நேரத்தை எலக்ட்ரிக்கல் நேரடி வகுப்புக்கு வைத்துக்கொள்கிறேன். மின்கம்பி அண்ணா, அலுமினிய வயரிங் இருக்கிறது என்று தெரிந்தால் ரிப்போர்ட்டில் எப்படி எழுதுவீர்கள்?

மின்கம்பி:
எந்த அறையில், எந்த அவுட்லெட்டில் பார்த்தேன் என்று படத்தோடு எழுதுவேன், லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் எல்லா இணைப்பையும் பார்க்க வேண்டும் என்று சொல்வேன். "பரவாயில்லை, ஓடுகிறது" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.