மறு: தெர்மோஸ்டாட் – ‘வெப்பநிலைநிறுத்தி’ காருக்கு ஒத்துவருமா?

அன்புள்ள குழுவினருக்கு,

காரின் தெர்மோஸ்டாட்டுக்கு, அதாவது எஞ்சினைச் சுற்றும் தண்ணீரைச் சூடேறும்வரை மறித்துவைத்து, சூடேறியதும் ஆற்றுவதற்காக ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் சின்னக் கருவிக்கு, தமிழில் என்ன பெயர் என்று நம் கலைச்சொல் குழுவில் ஓடுகிற மடல்களை ஒரு வாரமாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நேற்று வந்த இந்த வரிகளுக்குப் பிறகு சும்மா இருக்க முடியவில்லை:

> அகராதியில் ‘வெப்பநிலைநிறுத்தி’ இருக்கிறது. இஸ்திரிப் பெட்டிக்கும் அதுதான், காருக்கும் அதுதான். இருக்கிற சொல்லை விட்டுவிட்டுப் புதிதாக எதற்கு?

அந்தச் சொல்லை ஒரு மெக்கானிக்கிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். அதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் சொல்லுக்கு வருகிறேன்.

என் காருக்கு 24 வயது. போன மே மாதம் ஒரு சனிக்கிழமை, ஏற்காட்டுக் கோடை விழாவுக்குப் போகிற வண்டியெல்லாம் அஸ்தம்பட்டி ரவுண்டானாவில் சேர்ந்து நின்றன. நடந்து போகிறவர்கள் எங்களை முந்திக்கொண்டு போனார்கள். டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டி மேலே ஏறிக்கொண்டே இருந்தது. ஏசியை நிறுத்தினேன். கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஹீட்டரை முழுசாகத் திருப்பினேன். ஹீட்டருக்குள்ளும் ஒரு குட்டி ரேடியேட்டர் இருக்கிறது, எஞ்சினின் சூட்டில் கொஞ்சத்தை அது வாங்கிக்கொள்ளும். சேலத்து மே மாதத்தில் ஹீட்டர் போட்டுக்கொண்டு வியர்த்து வழிகிறவனைப் பக்கத்து ஆட்டோக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். முள் ஏறுவது நின்றது, ஆனால் இறங்கவில்லை. அப்படியே உருட்டிக்கொண்டு போய்க் கோரிமேட்டில் தெரிந்த பட்டறையில் நிறுத்தினேன்.

ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லை. ஃபேன் சுவிட்ச் போய்விட்டது என்று நான் முடிவே கட்டிவிட்டேன். மெக்கானிக் ஒன்றும் சொல்லாமல், எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸைப் பழந்துணியால் பிடித்துப் பார்த்தார். பிறகு துணியை எடுத்துவிட்டு வெறும் கையால் பிடித்தார். “தொட்டுப் பாருங்க சார்.” தொட்டேன். வெதுவெதுப்பு, அவ்வளவுதான். எஞ்சின் கொதிக்கிறது, ஹோஸ் குழந்தை குளிக்கிற தண்ணீர் பதத்தில் இருக்கிறது. வெந்நீர் ரேடியேட்டருக்கு வரவே இல்லை. என் வண்டியில் ஃபேன் சுவிட்ச் ரேடியேட்டரில்தான் இருக்கிறது. வெந்நீர் வந்தால்தானே அது கண் விழிக்கும்?

“தெர்மோஸ்டாட் ஜாமுங்க. கழட்டி எறிஞ்சுரலாம். நம்ம ஊரு சூட்டுக்கு இது எதுக்குங்க சார்?”

நான் கலைச்சொல் குழுவில் இருக்கிறவன் இல்லையா, விடுவேனா! “அப்படி இல்லைங்க, அது வெப்பநிலைநிறுத்தி. எஞ்சின் சூட்டை ஒரே அளவில வெச்சிருக்கணும்” என்றேன்.

“நிறுத்திதானுங்களே! தண்ணிய நிறுத்தி வெச்சுத்தானே வண்டியக் கொதிக்க விட்டுருக்குது. அதனாலதான் கழட்டச் சொல்றேன்.”

எனக்குப் பதில் வரவில்லை. நிலை-நிறுத்தி என்று நாம் பிரிக்கிறோம். அவர் காதில் விழுந்தது ‘நிறுத்தி’ மட்டும். பஸ் நிறுத்தத்திலும் வண்டி நிறுத்துமிடத்திலும் புழங்குகிற வினை அது, வேறு எப்படி விழும்? தப்பு அவர்மேல் இல்லை. ஓடுகிற தண்ணீரை நடுவில் மறிக்கிற ஒரு பொருளுக்கு ‘நிறுத்தி’ என்று முடிகிற பெயரை வைத்துவிட்டு, அதன் வேலை நிறுத்துவது இல்லை என்று வாதாட வேண்டியிருந்தது.

கழற்றிவிட்டார். கோடை நன்றாகவே போயிற்று, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். டிசம்பரில்தான் தெரிந்தது. ஏற்காட்டில் காலை ஏழு மணிக்கு வண்டியைக் கிளப்பி லேடீஸ் சீட் காட்சிமுனை வரை போய்த் திரும்பியும் முள் கீழேயே கிடந்தது. கண்ணாடியில் படிந்த பனியைப் போக்க ஹீட்டரைப் போட்டால் பச்சைத் தண்ணீர்க் காற்று. குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோல் அதிகம் வேண்டும், தேய்மானமும் கூடும். ஆயிலுக்கும் ஒரு சூடு வந்தால்தான் அது சரியாக ஓடும். ஊருக்கு வந்ததும் செவ்வாய்ப்பேட்டையில் புதியது ஒன்று வாங்கினேன்.

மாட்டுவதற்கு முன்னால் பழையதையும் புதியதையும் நூலில் கட்டி, டீ போடுகிற பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அடி தொடாமல் தொங்கவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன். (வீட்டில் அந்தப் பாத்திரத்துக்கு இப்போது வேறு பெயர்.) புதியதன் விளிம்பில் 82 என்று பொறித்திருந்தது. தண்ணீர் கைபொறுக்காத சூட்டைத் தாண்டிக் குட்டிக்குமிழ் விடத் தொடங்கியபோது, நடுவில் இருந்த வட்டத் தட்டு ஒரு நூலிழை நகர்ந்தது. நன்றாகக் கொதி வருவதற்குள் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு இறங்கிவிட்டது. அடுப்பை அணைத்தேன், அது வந்த வழியே மெதுவாக ஏறி மூடிக்கொண்டது. உள்ளே ஒரு சின்னச் செப்புக் குப்பியில் மெழுகு இருக்கிறது. சூட்டில் மெழுகு உருகிப் பருக்கிறது, ஊசியைத் தள்ளுகிறது, ஸ்பிரிங்கை மீறித் தட்டு திறக்கிறது. ஆறினால் ஸ்பிரிங் மூடிவிடுகிறது. மின்சாரம் கிடையாது, கம்பி கிடையாது. பழையது தளதளவென்று கொதித்தும் வாயைத் திறக்கவில்லை.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே தோன்றியது, இது மதகு. மேட்டூரில் நீர்மட்டம் 120 அடியை நெருங்கினால் 16 கண் மதகைத் திறக்கிறார்கள், இறங்கினால் மூடுகிறார்கள். அங்கே அளவு அடி, இங்கே அளவு டிகிரி. தட்டு பாதி திறந்தால் பாதித் தண்ணீர், முழுக்கத் திறந்தால் முழுத் தண்ணீர். ‘நிறுத்தி’ என்றால் இரண்டே நிலை: நின்றது, ஓடியது. மதகு என்றால் பாதித் திறப்பும் கூடவே வந்துவிடுகிறது.

ஆகவே காரில் இருப்பதற்கு வெப்பமதகு என்று முன்மொழிகிறேன். இஸ்திரிப் பெட்டியில் மின்சாரத்தைத்தான் வெட்டி ஒட்டுகிறது, அங்கே வெப்பநிலைநிறுத்தியே இருக்கட்டும், எனக்குச் சண்டை இல்லை. ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதற்காகத் தமிழிலும் ஒன்றே இருக்க வேண்டுமா?

குழுவில் வந்த மற்றவை பற்றி: ‘வெப்ப ஓரதர்’ வேண்டாம், ஓரதர் என்பது ஒரு திசையில் மட்டும் விடுவது. இதன் பிரச்சினை திசை இல்லை, எப்போது என்பது. ‘சூட்டுக்கதவு’ கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் எனக்கு அடுப்புக்கதவுதான் நினைவுக்கு வருகிறது. ரேடியேட்டருக்குக் ‘கதிர்வீசி’ என்று இன்னொரு இழையில் ஓடுகிறது, அங்கே தனியாகத் திட்டுகிறேன். அது பெரும்பாலும் கதிர் வீசுவதே இல்லை, காற்றில்தான் சூட்டை விடுகிறது. ஆங்கிலத்தில் தப்பாக வைத்த பெயரைத் தமிழிலும் கவனமாகத் தப்பாக வைக்கிறோம்.

ஒரு சொல் நல்ல சொல்லா என்று பார்க்க அதன் குட்டிகளைப் பார்க்க வேண்டும். மதகுக்கூடு (அது உட்காரும் உறை). திறப்புச்சூடு (82 என்று பொறித்திருப்பது). ‘மதகு அடைத்துக்கொண்டது’ என்றால் என் மே மாதம். ‘மதகு மூடவில்லை’ என்றால் என் டிசம்பர். மூடியிருக்கும்போது தண்ணீர் எஞ்சினுக்குள்ளேயே சுற்றிவரும் வழி, பக்கவாய்க்கால். சில எஞ்சின்களில் இதே மதகின் அடித்தட்டு, மேலே திறக்கும்போது பக்கவாய்க்காலை அடைக்கும். அந்த வகையில் மதகைப் பிடுங்கி எறிந்தால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டரைப் பார்க்காமலே சுற்றிக்கொண்டிருக்கும், வண்டி முன்னைவிடச் சூடாகும். “நம்ம ஊரு சூட்டுக்கு இது எதுக்கு” என்பதற்கு இதுதான் பதில். வாய்க்கால் சொற்களில் சொன்னால் ஒரு மூச்சில் சொல்லிவிடலாம்.

1916-இல் ராஜாஜி இதே சேலத்தில் வக்கீலாக இருந்தபோதுதான் அறிவியல் சொற்களைத் தமிழில் ஆக்க ஒரு சங்கம் அமைத்தார். அந்த ஊர்க்காரன் என்கிற சலுகையில் கொஞ்சம் நீளமாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அஸ்தம்பட்டிக்காரன்

———

தம்பிக்கு,

ஏரி மராமத்து வேலையில் முப்பது வருஷம் இருந்தவன் என்ற முறையில் ஒரு ஆட்சேபம். மதகு தானாகத் திறக்காது. திறக்க ஆள் வேண்டும், நம் பக்கம் நீர்க்கட்டி என்போம். ஏரியில் ஆள் இல்லாமல் தானாக வேலை செய்வது கலிங்கு. மட்டம் ஏறினால் தண்ணீர் தானே வழிந்து போகும். உங்கள் கருவி தானியங்கி என்கிறீர்கள். அப்படியானால் ‘வெப்பக்கலிங்கு’ அல்லவா சரி? கன்னங்குறிச்சி மூக்கனேரி பக்கம்தானே, ஒரு நடை போய் இரண்டையும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

———

ஐயா,

வணக்கம். போய்ப் பார்த்தேன். நீங்கள் சொன்னது பாதி சரி. அந்தப் பாதிக்குக் காரில் வேறொரு இடம் இருக்கிறது.

கலிங்கு உபரியை வெளியே தள்ளுவது. மதகு வேண்டிய தண்ணீரை வேண்டிய வாய்க்காலுக்கு விடுவது. தெர்மோஸ்டாட் எதையும் வெளியே தள்ளுவதில்லை. காரில் கலிங்கு வேலை பார்ப்பது ரேடியேட்டர் மூடி. உள்ளே அழுத்தம் அளவை மீறினால் மூடியின் ஸ்பிரிங் தூக்கிக்கொடுத்து, மிஞ்சின தண்ணீரைப் பக்கத்து டப்பாவுக்கு விடுகிறது. கலிங்கு தாழ்ந்தால் ஏரி நிறையாது, அதே கதைதான் இங்கேயும். வெளிக்காற்றுக்கு மேல் இன்னொரு மடங்கு அழுத்தத்தை மூடி பிடித்துவைத்தால் தண்ணீர் ஏறத்தாழ 120 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் செத்துவிட்டால் அந்தக் காப்பு போயிற்று. ஏற்காடு 1,500 மீட்டர் உயரம், அங்கே திறந்த தண்ணீர் ஏறத்தாழ 95-லேயே கொதித்துவிடும். 82-இல் திறக்கத் தொடங்கும் மதகு முழுசாகத் திறப்பதும் கிட்டத்தட்ட அந்தச் சூட்டில்தான். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிய வண்டி மேலே போய்ப் பொங்கினால் எல்லோரும் மதகைத் திட்டுகிறார்கள். பல நேரம் தப்பு கலிங்கில் இருக்கிறது. ஆகவே மூடிக்குக் கலிங்குமூடி என்ற சொல்லை உங்கள் பெயரிலேயே பட்டியலில் சேர்க்கிறேன். ஒரே ஒரு குறை. எஞ்சின் ஆறியதும் டப்பாவிலிருந்து தண்ணீரைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது அந்த மூடி. அப்படி ஒரு கலிங்கு எந்த ஏரியிலும் இல்லை, அதற்கு என்னிடம் பதிலும் இல்லை.

மதகுக்கு ஆள் வேண்டும் என்றீர்கள். ஆள் இருக்கிறார் ஐயா, குப்பிக்குள் இருக்கிற மெழுகு. அவர்தான் நீர்க்கட்டி.

நேற்று ஆயில் மாற்றக் கோரிமேட்டுக்குப் போனேன். குழுவில் இப்படி ஒரு சொல் ஓடுகிறது என்று மெக்கானிக்கிடம் சொன்னேன். விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை, ‘வெப்பமதகு’ என்ற சொல்லை மட்டும் சொன்னேன். ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே கொஞ்சம் யோசித்தார்.

“அப்ப, பாதி தொறந்தும் நிக்குமுங்களா சார்?”