தாய் சாக்புரூட் (தேனீப் புழுக்களைக் கொல்லும் வைரஸ் நோய்) வந்த பெட்டிகள்: யார் என்ன செய்தீர்கள்?

குலசேகரத்திலிருந்து:
எங்கள் பக்கம் பழைய தேன்காரர்களிடம் 1991, 92 என்று சொன்னாலே போதும், பேச்சு நின்றுவிடும். தாய்லாந்தில் 1976இல் கண்டறியப்பட்ட இந்த வைரஸ் அப்போதுதான் தென்னிந்தியாவுக்குள் புகுந்தது. ரப்பர் தோட்டங்களில் வரிசையாக இருந்த இந்தியத் தேனீப் பெட்டிகளில் பெரும்பாலானவை காலியாகிவிட்டன.

என் பெட்டிகளுக்கு வந்தது அதற்கு வெகு காலம் கழித்து, மழை முடிந்த நேரத்தில். புழு வளரும் அடையில் அறை மூடிகள் அங்கங்கே திறந்து கிடந்தன. உள்ளே முழு வளர்ச்சியடைந்த புழு மல்லாந்து நீட்டிக் கிடக்கும், தலை மட்டும் மேலே தூக்கியிருக்கும். ஊசியால் எடுத்தால் நீர் கோத்த பை மாதிரி முழுசாக வரும். மருந்துக் கடையில் ஒரு ஆன்டிபயாட்டிக் பவுடரைச் சர்க்கரைப் பாகில் கலக்கச் சொன்னார்கள். வைரஸுக்கு அது எதற்கு? தேனில் மருந்து தங்குவதுதான் மிச்சம். வாங்கவில்லை.

ராணியைக் கூண்டில் அடைத்து முட்டையிடுவதை நிறுத்தினேன். செத்த புழுவை வெளியே இழுக்கும் இளம் தேனீக்கள் உடம்பில்தான் வைரஸ் ஏறுகிறது. அப்புறம் அவையே மற்ற புழுக்களுக்கு உணவு ஊட்டுகின்றன. ஊட்டுவதற்குப் புழுவே இல்லையென்றால் அந்தச் சங்கிலி அறுந்துவிடும். நோய் முற்றிய அடைகளை எரித்தேன். தேனீ குறைந்த பெட்டிகளில் அடைச் சட்டங்களைக் குறைத்து, தேனீ நெருக்கமாக மூடியிருக்கும்படி வைத்தேன். சில பெட்டிகள் தேறின, சில கூட்டத்தோடு ஓடிப்போயின. ஓடியதைப் பிடித்து வந்து வைக்க மனசு வரவில்லை.

தொடுபுழாவிலிருந்து:
அண்ணா, நீங்கள் சொன்ன தலை தூக்கல்தான் சரியான அடையாளம். இங்கே பலர் பாக்டீரியா நோயோடு குழப்பிக்கொள்கிறார்கள். அதில் புழு மூடி போடும் முன்பே, சின்னதாக, சுருண்டு மஞ்சளாகிச் சாகும். புளித்த வாடையும் இருக்கும். மருந்து ஏதாவது கேட்பது அந்த நோய்க்குத்தான், அதுவும் வேளாண் அலுவலரிடம் காட்டிய பிறகு.
நான் செய்த ஒரே உருப்படியான காரியம், நோய் வந்தும் தாக்குப்பிடித்த பெட்டியிலிருந்து ராணி எடுத்துப் பெருக்கியது. நல்ல தேன் தருகிறதே என்று சீக்குப் பெட்டியை இரண்டாகப் பிரித்துப் பெருக்கியவர்களுக்கு அடுத்த வருஷமும் அதே கதை.

குலசேகரத்திலிருந்து:
சரியாகச் சொன்னீர்கள் தம்பி. இன்னொன்று: சீக்குப் பெட்டியின் சட்டத்தை நல்ல பெட்டிக்கு மாற்றவே கூடாது. தேன் எடுக்கும் அவசரத்தில் நம் ஆட்கள் செய்வது இதைத்தான். கூலிக்கு ஆள் விட்டால் பக்கத்தில் நின்று பாருங்கள்.

பேச்சிப்பாறையிலிருந்து:
இத்தாலியத் தேனீக்கு இது அவ்வளவாக வருவதில்லை என்கிறார்களே, மாறிவிடலாமா?

குலசேகரத்திலிருந்து:
அந்தத் தொல்லை குறைவுதான். ஆனால் அதற்குத் தேனீயை ஒட்டி வாழும் வரோவா உண்ணித் தொல்லை இருக்கிறது, தீவனச் செலவும் கூட. நான் நம்மூர் ஈயோடுதான் இருக்கிறேன்.