செம்மண்ணில் சோளம் ஊதா அடிக்குது, கோ-3 புல் துளிர்க்குதில்லை: பொசுபரசுக் குறைபாடா?

கிணத்தடி:
யாழ்ப்பாணத்து வலிகாமம் செம்மண். மண் பரிசோதனையில் பீஎச் 7.9, ஒல்சன் முறையில் பொசுபரசு 5 பிபிஎம். 3 கிழமைச் சோளத்தின் (மக்காச்சோளம்) அடியிலைகள் நுனியில் தொடங்கி விளிம்பு வழியே ஊதாவாகுது. பீற்றூட் கிளப்பின பாதியில்தான் கூட, பயறு நின்ற பாதி பரவாயில்லை. பக்கத்தில் மாட்டுக்கு வெட்டுற கோ-3 புல் (கலப்பின நேப்பியர்) பச்சையாத்தான் நிக்குது, ஆனால் வெட்டினால் முந்தின மாதிரித் துளிர்க்குதில்லை. எப்பாவல பாறைப் பொசுபேற்று போட்டும் மாற்றமில்லை. இன்னும் கூட்டிப் போடவா?

மண்வெட்டி:
வேண்டாம். பொசுபரசு காணாதுதான், 5 பிபிஎம் குறைவு. ஆனால் எப்பாவலக் கல்லுக் கரைய மண்ணில் புளிப்பு வேணும். மலைநாட்டுத் தேயிலைக்குச் சரி. சுண்ணக்கல்லுக்கு மேல கிடக்கிற எங்கட மண்ணில் போட்டபடியே கிடக்கும்.

ரி.எஸ்.பி. (ட்ரிப்பிள் சுப்பர் பொசுபேற்று) போடுங்கோ, ஆனால் வீசிக் கொத்தவேண்டாம். இந்த மண்ணில் கல்சியமும் பிடிக்கும், சிவப்பைக் குடுக்கிற இரும்பு ஒட்சைட்டும் பிடிக்கும். எவ்வளவு மண்ணோட கலக்குதோ அவ்வளவு பூட்டுப்படும். அடுத்தமுறை விதைவரிக்கு 5 செ.மீ. தள்ளி, விதைக்கு 5 செ.மீ. கீழே கோடிழுத்துப் போடுங்கோ. ஒரு பரப்புக் காணிக்கு (ஏக்கரில் பதினாறில் ஒன்று) 2½ கிலோ. வரிக்கு வரி 60 செ.மீ. என்றால் மீற்றருக்கு 6 கிராம் வரும். அதே கோட்டில் அமோனியம் சல்பேற்றும் அதேயளவு. அமோனியத்தை எடுக்கேக்க வேர் அமிலத்தை விடும், கல்சியம் பிடிச்சது கொஞ்சம் இளகும். யூரியாவை விதைக்குக் கிட்ட வைச்சால் முளை கருகும்.

இப்ப நிக்கிற பயிருக்கு மேலால தூவிப் பிரயோசனமில்லை. பொசுபேற்று மண்ணில் மில்லிமீற்றர் கணக்கில்தான் நகரும். வரிக்குப் பக்கத்தில் கீறி, போட்டு மூடுங்கோ.

வேர்மயிர்:
பீற்றூட் பாதியில் கூட என்றீங்கள், அதைக் கவனிக்கவேணும். பொசுபரசு குறைஞ்சால் சோளம், இறுங்கு, குரக்கன், தீவனப்புல் எல்லாம் மேல்வளர்ச்சியைக் குறைச்சு வேரைக் கூட்டும், வேர்மயிரை நீட்டும். ஆனாலும் வேர்மயிர் எட்டுறது ஒரு மி.மீ. மட்டில்தான். அதுக்கங்கால, வேரோட கூட்டுச் சேர்ந்து வாழுற மைகொரைசாப் பங்கசின் (பூஞ்சை) இழைதான் சென்ரிமீற்றர் கணக்கில் போய் எடுத்துவந்து குடுக்கும். பீற்றூட், கோவா, முள்ளங்கி வேர்களோட இந்தப் பங்கசு சேராது. அதுகள் நின்ற நிலத்தில் பங்கசு மெலிஞ்சுபோகும். பின்னால வாற சோளம், விதையில் இருந்த சேமிப்பு 2-3 கிழமையில் முடிய, திண்டாடும். பயறில் பங்கசு தங்கும், அதுதான் அந்தப் பாதி தப்பியிருக்கு.

பீற்றூட்டுக்குப் பிறகு பயறோ கௌபியோ ஒரு போகம் வைச்சிட்டுச் சோளத்துக்குப் போங்கோ. அடிக்கடி ஆழக் கிண்டினாலும் இழை அறும். வேலியோரம் துவரை வைக்கலாம்: அதின் வேர் விடுகிற பிசிடிக் அமிலம் இரும்போட பிடிபட்டதையும் இளக்கும். தானியங்களுக்கு அந்தக் கெட்டித்தனம் குறைவு.

மாட்டுப்பட்டி:
கோ-3 பச்சையா நிக்குது என்று நம்பாதேங்கோ. புல் பழைய இலையிலிருந்து பொசுபரசைக் கழட்டிக் குருத்துக்குக் குடுக்கும். கலமென்சவ்வில் இருக்கிற பொசுபோலிப்பிட்டில் (பொசுபரசுள்ள கொழுப்பு) ஒரு பங்கையே பொசுபரசில்லாத கலக்டோலிப்பிட்டால் மாற்றிச் சமாளிக்கும். நிறம் கெடாது, மட்டம் வெடிக்கிறதுதான் (அடியில புதுத்தண்டு விடுறது) குறையும்.

1000 கிலோ பச்சைப்புல்லில் காய்ந்த பொருள் ஏறத்தாழ 200 கிலோ. அதில் பொசுபரசு 0.25 வீதம் என்றால் ஒவ்வொரு ஆயிரத்தோடயும் அரைக் கிலோ வெளியே போகுது. ஈடுகட்ட ரி.எஸ்.பி. 2½ கிலோ, இல்லாட்டி நல்லாக் காய்ந்த மாட்டெரு 100 கிலோ அளவில் வேணும். எருவெல்லாம் வெங்காயத்துக்கும் புல்லுக்கு யூரியா மட்டும் என்றால் இப்பிடித்தான் முடியும். கிணத்தில நைட்ரேற்று ஏறுறது மிச்சம்.

வெட்டேக்க 10 செ.மீ. கட்டை விடுங்கோ. மாடு எலும்பு சப்பினால், சினைக்கு வராமல் இழுபட்டால், தீவனத்திலும் பொசுபரசு காணாது என்று சந்தேகப்படலாம்.

கிணத்தடி:
நன்றி. சிங்க் சல்பேற்றையும் ரி.எஸ்.பி.யோட ஒரே கோட்டில் போடலாமா?

மண்வெட்டி:
கூடாது, சிங்க் பொசுபேற்றாக் கட்டிப்படும். குருத்திலையில் வெள்ளைப் பட்டை கண்டால் மட்டும் இலைக்கு அடியுங்கோ: 10 லீற்றருக்கு சிங்க் சல்பேற்று 50 கிராம், நீற்றின சுண்ணாம்பு 25 கிராம். சுண்ணாம்பை விட்டால் இலை எரியும்.